கட்டருக்கும் வைஸுக்கும் நடுவே

டேபிள் திரும்பி வந்து நின்றதும் காசம்மாள் உள்ளே கை விடுவாள். அந்த நேரத்தில் சூசைநாதனுக்கு மூச்சு வராது.

மில்லிங் மிஷினின் டேபிள் என்பது ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இரும்புப் பலகை. அதன்மேல் வைஸ் என்ற பிடிப்பான். வைஸில் இறுக்கிய வார்ப்பிரும்புத் துண்டைச் சுமந்துகொண்டு டேபிள் இடப்பக்கம் போகும். அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் கட்டர் அந்தத் துண்டில் காடி என்ற நீளப் பள்ளம் ஒன்றை வெட்டும். வெட்டு முடிந்ததும் டேபிள் விறுவிறுவென்று வலப்பக்கம் திரும்பி வந்து, கட்டரிலிருந்து ஒரு சாண் எட்டி நிற்கும். காசம்மாள் குனிந்து வைஸைத் தளர்த்துவாள். வெட்டிய துண்டை எடுப்பாள், தூளைத் துணியால் துடைப்பாள், அடுத்த துண்டை வைத்து இறுக்குவாள். இவ்வளவு நேரமும் அவள் புறங்கைக்கு ஒரு சாண் தள்ளி கட்டர் சுற்றிக்கொண்டேயிருக்கும். அவள் கையை வெளியே எடுத்து "ம்" என்றதும் சூசைநாதன் பச்சைப் பட்டனை அமுக்குவான்.

பட்டனில் இருப்பது அவன் விரல். உள்ளே இருப்பது அவள் கை. இதை நினைக்காமல் அவன் ஒரு துண்டுகூட வெட்டியதில்லை.

அந்த ஒரு சாண் குறைந்துகொண்டே வருகிறது என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது எண்பத்தேழாம் வருஷம், சித்திரை வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது.

"எக்கா, கைய கொஞ்சம் இந்தாண்டையே வெச்சிக்கயேன்."

"இந்தாண்ட வெச்சா துண்டு தானா ஏறிக் குந்திக்குமா?"

"கட்டரு கிட்ட வர மாரி இருக்குது."

"ஒனக்கு அது நெதமும் இருக்குது. காலையில வூட்லேருந்து சைக்கிள்ள வந்தப்பவும் பின்னாடியே வந்துச்சா?" என்றாள் காசம்மாள். பக்கத்து லேத் மிஷினில் நின்றிருந்த தணிகைவேல் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தாள். காசம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். திருக்கனூர்ப் பக்கம் கரும்பு வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை வந்து, கரும்புக் கொல்லையிலிருந்து கூரைக்குள் வந்துவிட்ட பெண்களில் அவள் ஒருத்தி. பாம்பு கிடக்கும் காய்ந்த கரும்புச் சோகைக்குள் கை விட்டுப் பழகியவளுக்குக் கட்டர் ஒரு பொருட்டல்ல.

சூசைநாதன் பயந்தவன் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு சேரியில், ஏர் ஓட்டியவருக்குப் பிறந்தவன். எட்டாவது வரை படித்தான். மீசை முளைக்கிற வயதில் புதுச்சேரியில் ஒரு நூல் ஆலையில் எண்ணெய்க்காரனாகச் சேர்ந்தான். மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு, ஓடும் மிஷின்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு துளையிலும் சொட்டுவிடுவது வேலை. ஒரு நாள் பஞ்சு அடிக்கும் அறையில் ஒரு துளையை மறந்துபோனான். அந்த பேரிங் காய்ந்து, சூடாகி, சிவந்து, பறந்துவந்த பஞ்சில் தீ வைத்தது. கௌஸ் பாஷா என்ற ஆளுக்கு இரண்டு முன்னங்கையும் வெந்துபோயின. கரண்டுக் கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சூசைநாதனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை பயம் அன்றோடு போயிருக்கும். கேட்காததால் அது அவனோடு தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு காய்ந்த இரும்பைக் கண்டால் அவனுக்குப் பொறுக்காது. கதவுக் கீல், கிணற்று ராட்டினம், அடுத்த வீட்டுக்காரன் சைக்கிள் செயின் எதையும் விடமாட்டான். "ஒரு நாளு சோத்துலயும் ஊத்தப் போற பாரு" என்பாள் அவன் பெண்சாதி ரோசம்மாள்.

ஆலையில் ஆள் குறைத்தபோது ஜாபர் அலி பாயிடம் வந்து சேர்ந்தான். பாய் குடும்பத்துக்குத் திருக்கனூரில் இரும்புக்கடை. கடையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, பம்புசெட்டுப் பாகங்கள் செய்து கொடுக்க சேதராப்பட்டில் ஷெட் போட்டவர் அவர். அங்கே ஏலத்தில் எடுத்த ஒரு பழைய மில்லிங் மிஷின் இருந்தது. சூசைநாதன் பல வருஷம் அதைக் கையால் ஓட்டினான். கைச்சக்கரத்தைத் திருப்பினால் டேபிள் நகரும். தன் கைதானே நகர்த்துகிறது என்பதால் அப்போது பயம் இல்லை. துண்டு மாற்றும்போது டேபிளை ஒரு முழத்துக்கு இழுத்துக்கொள்வான்.

அதற்கு முந்தின வருஷம் பாய்க்கு ஆசை வந்தது. புது மிஷின் வாங்கக் கட்டுப்படியாகாது, பழையதற்கே மூளை வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். பெங்களூரிலிருந்து உலகநாதன் என்ற இன்ஜினியர் வந்தார். கைச்சக்கரத்தைக் கழற்றிப்போட்டார். டேபிளுக்கு அடியில் ஆட்டம் இல்லாத புது ஸ்க்ரூ, அதைத் திருப்ப ஒரு மோட்டார், பக்கத்தில் பச்சை எழுத்து ஓடும் ஒரு பெட்டி. இனி டேபிள் எங்கே போக வேண்டும் என்பது பெட்டிக்குத் தெரியும், பட்டனை அமுக்கினால் போதும் என்றார். பாய் வாசல் பலகையில் 'கம்ப்யூட்டர் மிஷின் வசதி உண்டு' என்று எழுதி வைத்தார்.

வேகமாக வேலை நடக்க வேண்டும் என்பதற்காக டேபிள் ஒரு சாண் மட்டும் பின்வாங்கினால் போதும் என்று முடிவானது. கட்டரைச் சுற்றும் மோட்டார் மட்டும் பழையது. அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் சூடேறிவிடும். அதனால் கட்டர் சுற்றிக்கொண்டே இருக்கட்டும் என்று பாய் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். சூசைநாதனும் ஆட்டினான்.

எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று இன்ஜினியர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் பட்டறையில் வேலை கிடையாது. ஆம்பிளைகள் தலைக்கு எண்ணெய் வைக்கும் நாள், மிஷினுக்கும் அன்றுதான். துடைத்து, கழுவி, எண்ணெய் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். முதல் சனிக்கிழமையே சூசைநாதன் புது மோட்டாரின் தகர மூடியைக் கழற்றிப் பார்த்தான். மோட்டார்த் தண்டும் ஸ்க்ரூவும் சேருமிடத்தில் ஒரு இரும்பு வளையம். அதில் எண்ணெய்த் துளையே இல்லை. ஒரு பிளவு மட்டும் இருந்தது. வளையம் சொட்டு எண்ணெய் காணாமல் வறண்டு கிடந்தது. இன்ஜினியர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, பிளவு வழியாக நிதானமாக ஊற்றி மூடினான்.

ஒரு சாண் குறைவது முதலில் கண்ணுக்குத்தான் பட்டது. பிறகு கையால் அளந்தான். காசம்மாள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, சிவப்புப் பட்டனை அமுக்கிக் கட்டரை நிறுத்திவிட்டு, கட்டருக்கும் வைஸுக்கும் நடுவே கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டினான். விரல் முழுதாக நீளவில்லை. வைஸில் இடித்தது. பெட்டியைப் பார்த்தான். பெட்டியில் எண் மாறவே இல்லை. டேபிள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கிறது என்று அது சொன்னது.

மறுநாள் காலையில் அளந்தான். சுண்டுவிரல் தாராளமாக நீண்டது. சாயங்காலம் மறுபடி இடித்தது.

ஒரேயடியாகக் கெட்டுப்போன மிஷினை நிறுத்தி வைக்கலாம். காலையில் நல்லதாக இருந்து, வெயில் சாயச் சாயக் கையை நோக்கி நகர்ந்து வருவதை என்ன செய்வது? அதிலும் தான் நகரவில்லை என்று எழுதிக் காட்டிக்கொண்டே வருகிறது.

காடிகளும் நீளமாக விழ ஆரம்பித்தன. பம்பு கம்பெனிக்காரர்கள் துண்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதுதான் பாய் இன்ஜினியருக்குச் சொல்லி அனுப்பினார்.

உலகநாதன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடிகாரம் போல முள் ஆடும் ஒரு டயலை டேபிளில் முட்டுக் கொடுத்து, டேபிளை அங்குமிங்கும் ஓடவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் முள் அதே கோட்டில் வந்து நின்றது.

"மயிரிழை கூட மாறலையே பாய். காலையில ஆன் பண்ணினதும் டேபிள் ஒரு கோடிக்குப் போய் அங்க இருக்கிற சுவிட்ச்சத் தொட்டு, அங்கேருந்து எண்ண ஆரம்பிக்குது. அது சரியாத்தான் நடக்குது."

"சாயங்காலத்துலதான் சார் வருது" என்றான் சூசைநாதன்.

"எவ்வளவு வருது?"

அவன் கையை நீட்டிக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினான். தணிகைவேல் மறுபடி சிரித்தான்.

உலகநாதன் சிரிக்கவில்லை. "கையால அளக்காதீங்க. பெட்டியில வர எண்ணப் பாருங்க" என்றார். பிறகு திரும்பி வந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "துண்ட வைக்கிறது யாரு? வைஸ் ஓரத்துல இருக்கிற முட்டுல நல்லா ஒட்டி வைக்காம இறுக்கினா காடி இப்படித்தான் தள்ளி விழும்" என்றார்.

எல்லாரும் காசம்மாளைப் பார்த்தார்கள்.

இன்ஜினியர் மத்தியான பஸ்ஸைப் பிடிக்கப் போனதும் அவள் சூசைநாதனிடம் வந்தாள். "நீ பயந்துக்கினு கெடந்தியே, இப்ப அது எந்தலையில வந்து விழுந்துச்சி. போதுமா?"

"எக்கா, நா ஒன் கையத்தான் சொன்னன்."

"எங்கைய நீ ஒண்ணும் சொல்ல வாணாம். நீ ஒன் பட்டன அமுத்து."

அதன்பின் அவள் துண்டை முட்டோடு ஒட்டி வைக்க இன்னும் ஆழமாகக் கை விட்டாள். உள்ளங்கையால் துண்டைக் கட்டர் இருந்த பக்கமாகத் தள்ளித் தள்ளி அழுத்தினாள். சூசைநாதன் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, டேபிள் ஓடும் தடத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் எண்ணெய் போட்டான். மூடியைக் கழற்றி அந்த வளையத்துக்கும் ஊற்றினான். எங்கோ ஏதோ காய்ந்துபோய் இழுக்கிறது, அதனால்தான் டேபிள் வந்து சேர முடியாமல் நிற்கிறது என்று நம்பினான். பயம் கூடிய நாளில் எண்ணெயும் கூடியது. எண்ணெய் கூடக்கூட சாண் இன்னும் சீக்கிரம் குறைந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சுண்டுவிரல் மடங்கியது.

பட்டனை அமுக்கும்போதெல்லாம் மனசுக்குள் "மாதாவே" என்பான். ராத்திரி சோறு இறங்கவில்லை. ரோசம்மாள் கேட்டபோது, "ஒரு பொம்பள கை என் வெரல்ல மாட்டிக்கினு இருக்குதுடி" என்றான். அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல அவனுக்கும் தெரியவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை. சனிக்கிழமை வழக்கத்தைவிட அதிகமாகவே ஊற்றியிருந்தான். காலையிலும் ஊற்றினான். சாப்பாடு முடிந்து வந்து ஓட்ட ஆரம்பித்துச் சில துண்டுகள் போயிருக்கும். டேபிள் திரும்பி வந்து நின்றது. சாண் இல்லை. நாலு விரல் அகலம்தான் இருந்தது. "எக்கா" என்று சூசைநாதன் வாய் திறந்தான். அதற்குள் அவள் கை உள்ளே போய்விட்டது.

துண்டை எடுத்துவிட்டு, துணியால் வைஸைத் துடைத்தாள். துணியின் நுனி கட்டரின் பல்லில் பட்டது. ஒரு சத்தமும் இல்லை. துணி அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவள் விரல்கள் இன்னும் துணியை விடவில்லை.

சூசைநாதன் சிவப்புப் பட்டனை அடித்தான். கட்டர் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். அது அடங்குகிற வரை அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். திறந்தபோது காசம்மாள் இரண்டடி தள்ளி நின்று தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிரலில் நகம் இல்லை. நுனித் தோலும் கொஞ்சம் போயிருந்தது. மற்றதெல்லாம் இருந்தது.

"துணி போச்சு" என்றாள். பிறகு கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மதகடிப்பட்டுக் கம்பவுண்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். பாய் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். போக மறுத்தாள். "இடது கையால வெக்கிறன்" என்றாள்.

சூசைநாதன் பெட்டி முன்னால் நிற்கவில்லை.

"சூசை, கம்பெனிக்காரன் ஆளு வந்து வெளியில நிக்கிறாம்பா" என்றார் பாய்.

"நா அமுத்த மாட்டன் பாய்."

"காலையில சரியா இருக்குதுன்னு நீதானே சொல்ற. காலையில மட்டும் ஓட்டு."

"மாட்டன்."

"அப்ப தணிகைவேலு அமுத்துவான். நீ லேத்துக்குப் போ."

தணிகைவேல் தயங்கித் தயங்கிப் பெட்டியிடம் வந்தான். காசம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு டேபிளிடம் போனாள். அப்போது சூசைநாதன் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். கட்டர் இன்னும் ஓடாமல் நின்றிருந்தது. அவன் டேபிள்மேல் ஏறி, வைஸை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. கைலி நனைந்துவிடுமோ என்றுகூடப் பயந்தான். ஆனால் இறங்கவில்லை.

"எறங்குடா" என்றான் தணிகைவேல்.

"எங்கைக்கு நீ இன்னா காவக்காரனா?" என்றாள் காசம்மாள்.

"ஆமாக்கா."

பாய் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அவனை வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. "நெஜமாவே நடுங்குறியேடா" என்றார் கடைசியில். சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் பெங்களூருக்கு டிரங்கால் போட்டார்.

உலகநாதன் வரும்வரை மிஷின் ஓடவில்லை. வந்தவர் காசம்மாளின் கட்டைப் பார்த்தார். சூசைநாதனைக் கூப்பிட்டு, "எப்ப வருதுன்னு சொன்னீங்க?" என்று முதலிலிருந்து கேட்டார்.

"வெட்டிக்கினே இருந்தா சாயங்காலம் வரும் சார். சும்மா ஓடவுட்டா வராது. நீங்க இந்த வாட்டி சாயங்காலம் வரைக்கும் இருங்க."

"இருக்கேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டர நிறுத்திட்டுத்தான் துண்டு மாத்தணும்."

அவர் மோட்டாரின் தகர மூடியைக் கழற்றினார். வெள்ளைப் பெயின்ட் கேட்டார். மோட்டார்த் தண்டு, வளையம், ஸ்க்ரூ மூன்றையும் சேர்த்து ஒரே நேர்கோடாக மெல்லிய தூரிகையால் இழுத்தார். காய்ந்ததும் ஓட்டச் சொன்னார். தணிகைவேல் பட்டனை அமுக்கினான். துண்டுகளைச் சூசைநாதனே வைத்தான். வெயில் ஷெட்டின் மேற்குப் பக்கத் தகரத்துக்கு வந்தபோது உலகநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

வெள்ளைக்கோடு உடைந்திருந்தது. மோட்டார்த் தண்டில் இருந்த பாதி ஓரிடத்தில், ஸ்க்ரூவில் இருந்த பாதி வேறிடத்தில், அவசரத்தில் எடுத்த வகிடு போல.

"வழுக்குது" என்றார். "இந்த வளையத்துக்குப் பல்லும் கிடையாது, ஆணியும் கிடையாது பாய். ரெண்டு தண்டையும் இறுக்கிப் பிடிச்சிக்கிறதுதான் இதுக்கு வேல. பெட்டிக்குக் கணக்குச் சொல்ற கண்ணு மோட்டாரோட வால்ல இருக்குது. மோட்டார் சுத்தினதை அது எண்ணும். வளையம் வழுக்கினா அதுக்குத் தெரியாது. கட்டரு துண்டத் தன் பக்கம் இழுத்துத்தான் வெட்டுது. ஒவ்வொரு வெட்டுக்கும் டேபிள் துளித்துளியா அந்தப் பக்கம் போயிருக்கு. காலையில மறுபடி முதல்லேருந்து எண்ணும்போது எல்லாம் நேராயிடும்." சூசைநாதன் பக்கம் திரும்பினார். "நீங்க கையால அளந்தது சரி. நான்தான் வெட்டாம பார்த்துட்டுப் போயிட்டேன்."

சூசைநாதனுக்கு உடம்பு லேசானது போல இருந்தது. அது வளையத்தைக் கழற்றுகிற வரைதான்.

பிளவில் ஸ்பானரைப் போட்டுத் தளர்த்தியதும், இரும்புத் தூளோடு கலந்த கறுப்பு எண்ணெய் அவர் மணிக்கட்டு வரை வழிந்தது. அவர் கையை விரித்துப் பார்த்தார். விரலோடு விரலைத் தேய்த்தார்.

"இது காய்ஞ்சி இருக்க வேண்டிய இடம். இதுல யாரு எண்ணெய் ஊத்தினது?"

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சூசைநாதனை ஆலையில் யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்கிறார்கள். சும்மா நின்றால் போதும், யாருக்கும் தெரியாது. மூடியைக் கழற்றியதை யாரும் பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தான்.

"நாந்தான் சார்."

"எப்பலேருந்து?"

"மொத சனிக்கெழமையிலேருந்து. இப்ப தெனமும்."

"தினமுமா? எதுக்கு?"

"பயத்துல சார்."

உலகநாதன் ஸ்பானரைக் கீழே வைத்தார். "எங்கெல்லாம் ஊத்தணும்னு காட்டினேன். இங்க ஊத்தக்கூடாதுன்னு சொல்லல" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பாய் வாயைத் திறந்தார். காசம்மாளின் கட்டைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

காசம்மாள் எழுந்து சூசைநாதன் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குரல் உயரவே இல்லை.

"நீ காலையில சீக்கிரமா வந்து மூடியத் தொறந்து ஊத்துறத நா பாத்துக்கினுதான் இருந்தன். தண்ணிப் பானை ரொப்ப நானும் சீக்கிரம் வருவன் இல்ல. இந்த ஆளு இம்மாம் கவனிக்கிறான், நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னுதான் அவ்ளோ உள்ளார கைய வுட்டன்."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வளையத்தையும் தண்டுகளையும் பெட்ரோலில் கழுவினார்கள். சூசைநாதன்தான் கழுவினான். சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, வெயிலில் வைத்தான். உலகநாதன் அவற்றை அவனிடமிருந்து வாங்கி மாட்டி இறுக்கினார். புதுக்கோடு இழுத்தார். மறுநாள் முழுதும் வெட்டினார்கள். சாயங்காலம் கோடு நேராக இருந்தது. டேபிள் நின்ற இடமும் பெட்டி காட்டிய எண்ணும் ஒன்றாயின. சூசைநாதன் கட்டருக்கும் வைஸுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தான். சுண்டுவிரல் முழுசாக நீண்டது. உலகநாதனும் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனார்.

அதற்கடுத்த நாள் காலை பாய் வந்து, "மிஷின் சரியாப் போச்சு. பழைய மாரி ஓட்டுங்க, தேங்கிப்போன வேலை நெறைய கெடக்குது" என்றார். பழைய மாதிரி என்றால் கட்டரை நிறுத்தாமல்.

சூசைநாதன் பெட்டி முன்னால் வந்து நின்றான். கட்டர் சுற்ற ஆரம்பித்தது. பச்சைப் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனான். விரல் அதன்மேல் படவில்லை. மிஷின் சரியாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பயம் மிஷினைவிட்டு நகர்ந்து அவன் விரலுக்கே வந்துவிட்டிருந்தது. இந்தக் கை எதைத் தொட்டாலும் நல்லது என்று நினைத்துத்தான் தொடுகிறது.

காசம்மாள் சற்று நேரம் அவனைப் பார்த்தாள். "இந்தாண்ட வா" என்றாள்.

"எதுக்குக்கா?"

"நீ துண்ட வையி. நா பட்டன அமுத்துறன்."

"ஒனக்குப் பட்டனு தெரியுமா காசம்மா?" என்றார் பாய்.

"பச்சய அமுத்துனா போவும், செவப்ப அமுத்துனா நிக்கும். இத்தினி நாளா எதுத்தாப்புல நின்னு அத்ததான பாத்துக்கினு இருந்தன்."

இடம் மாறினார்கள். சூசைநாதன் துண்டை வைத்து இறுக்கிவிட்டு "ம்" என்றான். கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த விரலால் அமுக்கினாள். டேபிள் போனது. இரும்பு முனகியது. டேபிள் திரும்பி வந்து நின்றது.

ஒரு சாண் இருந்தது. அவன் கையை உள்ளே விட்டான்.

கட்டருக்குக் காற்று உண்டு என்பது அவனுக்கு அன்றுவரை தெரியாது. சூடான, இரும்பு வாடையுள்ள காற்று. புறங்கையில் இருந்த மயிரெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தன் தோள் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதை உணர்ந்தான். கையை இழுக்காமல் வைஸைத் தளர்த்தினான். துண்டை எடுத்தான். துணியைச் சின்னதாக மடித்துத் துடைத்தான். இதைத்தான் அவள் நாள் முழுக்கச் செய்தாள், கேலி பேசிக்கொண்டே. அடுத்த துண்டை வைத்து முட்டோடு ஒட்டி அழுத்தினான். அவளைப் பார்க்க நிமிர்ந்தான்.

காசம்மாள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. கரும்புச் சோகைக்குள் கை விட்டவள், பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றாள்.

அந்த விரல் நகர்ந்து சிவப்பை அமுக்கியது.

கட்டரின் சத்தம் இறங்கியது. ஒரு வட்டமாகத் தெரிந்தது பல் பல்லாகப் பிரிந்து, சோர்ந்து, நின்றது.

பாய் ஓடிவந்தார். "இன்னா ஆச்சு? மறுபடியுமா?"

"ஒண்ணும் ஆவல பாய். மிஷினு சரியாத்தான் வந்து நின்னுச்சி."

"அப்புறம் ஏன் நிறுத்துன?"

"இனிமே இப்டித்தான் நிறுத்துவன். நின்ன பெறவுதான் கைய வெக்கிறது. அவன் வெச்சாலும் சரி, நா வெச்சாலும் சரி."

"மோட்டாரு சூடாயிடும்மா."

"ஆவட்டும். கொஞ்ச நேரம் குந்தி ஆறவெச்சி ஓட்டுறம்."

பாய் பழைய மோட்டாரிடம் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். சூசைநாதனின் கை இன்னும் வைஸுக்குள்ளேயே இருந்தது. பாய் அதையும் பார்த்தார். மோட்டாரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சரி, போடு" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனார்.

சூசைநாதன் துண்டை இறுக்கினான். கையை வெளியே எடுத்தான்.

"ம்" என்றான்.

அவன் இரண்டு கையும் வெளியே வந்துவிட்டனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, காசம்மாள் கட்டரை ஓடவிட்டாள்.